யோகராணி மாற்றி ஒட்டிய பெயர்கள்

“மாஸ்டர், ஒரு ஆள் நல்லா ஓடுமோ இல்லையோ எண்டு எச்சிலைப் பாத்துச் சொல்லேலுமோ?”

சில வருடங்களுக்கு முன், டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எங்கள் தமிழ்ப் பெற்றோர் கூட்டமொன்றில் கிருபா இப்படிக் கேட்டார். முதியோர் பராமரிப்பு வேலைக்கிடையே முதல் அரை மரதனுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். பாடசாலையில் உயிரியல் படிப்பித்தவன் நான். ஆனாலும் பதிலுக்கு ஓல்போர்க் நகரிலிருந்த யோகராணி அவர்களைத்தான் அழைத்தேன். சென்ற செவ்வாய்க்கிழமை அதே கிருபா என்னை அழைத்தார். “மாஸ்டர், யோகராணி அக்கா திடீரெண்டு போயிட்டா.” அன்றிரவே இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்தேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். விளையாட்டு வீரர்களின் தசைகளையும் மரபணுக்களையும் ஆராயும் கூடமொன்றில் நீண்டகாலம் வேலை செய்தவர். அந்தப் பேச்சை எடுத்தாலே அவருடைய குரல் உயர்ந்துவிடும், கைகள் பறக்கும். நான் அழைத்த வாரமே காரில் வந்து இறங்கினார். என் கன்னத்தின் உட்புறத்தையும் கிருபாவின் கன்னத்தையும் பஞ்சுக் குச்சியால் தடவி, இரண்டு குழாய்களில் இட்டு எடுத்துப்போனார்.

தேடியது ஒரேயொரு மரபணுவை. வேகமாகச் சுருங்கும் தசைநார்களில் ஒரு புரதத்தை உண்டாக்குவது அது. அந்தப் புரதம் இல்லாதவர்களை உலகத்தர நூறு மீற்றர் ஓட்டக்காரரிடையே காண்பது அரிது. ஆனால் அது உள்ளவர்களில் பெரும்பாலானோர் என்னைப்போல் பஸ்ஸைத் தவறவிடுபவர்கள்தாம்.

முடிவு வந்தது. கிருபாவிடம் அந்தப் புரதம் உண்டு, என்னிடம் இல்லை. கிருபா சோர்ந்துபோனார். “எனக்கு வேகத்துக்குரிய உடம்பாம், மாஸ்டர். இருபத்தொரு கிலோமீற்றர் சரிவராது. நான் ஓடேல்ல.” நானோ நெடுந்தூரத்துக்குப் பிறந்தவன் என்று நம்பிப் புதுச் சப்பாத்து வாங்கினேன். “படியேறவே மூச்சு வாங்குது, இவருக்கு மரதனாம்!” என்றார் என் மனைவி.

ஓட்டத்துக்குப் பத்து நாட்கள் இருக்கையில் யோகராணி அவர்கள் மறுபடி வந்தார். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம், சொல்லாமலே விட்டிருந்தாலும் எவருக்கும் தெரிந்திராது. கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றார். “குழாயில பெயரை மாத்தி ஒட்டினது நான்தான். வேற ஆரும் இல்லை.”

கிருபா துள்ளி எழுந்தார். “அப்ப எனக்கு ஓடேலும், அக்கா!”

“பொறும். என்ர பிழையை நம்பி நிண்டீர். இப்ப என்ர சரியை நம்பி ஓடாதையும். கறித்தூளுக்க பெருஞ்சீரகம் கிடக்கோ எண்டு மட்டும் பாத்து, கறி எப்பிடி எண்டு சொல்லுவீரோ? இதுக்கு எத்தினையோ மரபணு, அதோட சாப்பாடு, நித்திரை, பயிற்சி. போன மாசம் பத்துக் கிலோமீற்றர் ஓடினது ஆர்? இந்தத் தாளோ, நீரோ?”

மண்டபம் சிரித்தது. கிருபா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை மழையில் அவர் ஓடுவதைக் கண்டவர்கள் எனக்குச் சொன்னார்கள்.

போட்டியன்று கடைசிச் சிலரில் ஒருவராகத்தான் கிருபா வந்தார். நடக்கத் தொடங்கியிருந்தார். தடுப்புக்கு இப்பால் யோகராணி அவர்கள், தோளில் கைப்பை குதிக்க, வேலைச் சப்பாத்தோடு அவருக்குப் பக்கமாக ஓடினார். “வாரும் கிருபா, வாரும்!” அந்தக் கடைசி ஐம்பது மீற்றரில் இருவரில் வேகமாக ஓடியவர் யோகராணி அவர்கள்தான்.

சென்று வாருங்கள், யோகராணி அவர்களே.

இதை வாசிப்பவர்களே, நாளைக் காலை வீட்டு வாசலிலிருந்து அடுத்த பஸ் தரிப்புவரை ஓடி, எடுத்த நேரத்தை எழுதிவையுங்கள். ஒரு மாதம் நாள்தோறும் ஓடியபின் மறுபடி அளந்து பாருங்கள்.