மங்கையக்கா விட்டுக்கொடுத்த தண்ணீர் முறை

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைக் கொஞ்சம் இரக்கத்தோடு வாசிப்பீர்கள் என்றொரு நப்பாசை. இன்று காலை கைத்தொலைபேசி மழைப்படம் காட்டியது. நம்பிக் குடையோடு பண்டத்தரிப்புச் சந்தைக்குப் போய், கொளுத்தும் வெயிலில் அதை நிழலுக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் யாரோ பச்சைமிளகாய்ச் சாக்கை அவிழ்த்தார்கள். அந்தக் காரமணம் மூக்கில் ஏறியதும் மங்கையக்காவின் பழைய மிளகாய்த் தோட்டம் கண்ணுக்குள் வந்துவிட்டது.

விவசாயப் போதனாசிரியராக நான் சேர்ந்த முதல் வருடம். போதனை என்னிடம் நிறைய இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. மங்கையக்கா கேட்டார், பாவம். மழையில்லாத வெக்கையில் மிளகாய் இலையைச் சுருட்டும் சின்னப் பூச்சி பெருகும். நல்ல மழையொன்று அடித்தால் கழுவுப்பட்டுப் போய்விடும். இதுவரை நான் படித்தது சரி. பங்குக் கிணற்றில் அக்காவின் முறை நாலு நாளுக்கு ஒருக்கால்தான் வரும். அன்று அவர் முறை. மழைபோலச் செடிகளுக்கு மேலால் தண்ணீர் அடித்துப் பூச்சியைக் கழுவக் குழாயை இழுத்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு மழை, அக்கா. முறையை விட்டுக்குடுங்கோ. ஏன் வீணா தண்ணி மெசினுக்கு மண்ணெண்ணெய் எரிக்கிறியள்?”

“வானத்திலை ஒரு பொட்டு முகிலையும் காணேல்லையே, தம்பி?”

“முகில் என்ரை ஃபோனுக்குள்ளை நிக்குது.”

சிரித்தார். முறையைப் பக்கத்துத் தோட்டத்து அண்ணைக்குக் கொடுத்தார். மூன்றாம் நாள் அந்த அண்ணை என்னை மறித்தார். “ஐயா, உங்கடை மழை தெல்லிப்பழையிலை இறங்கியிட்டுதாம். பஸ் மாறி ஏறியிட்டுது போலை.”

அக்காவின் முறை திரும்பி வருவதற்குள் இலையெல்லாம் மேல்நோக்கிச் சுருண்டு, பயிரே அழிந்துவிட்டது.

பகிடி இவ்வளவுதான். பயிர் அழிந்தவர்களுக்குப் புது நாற்றுக் கொடுப்பதற்குத் திணைக்களத்தில் என்னிடம் அறிக்கை கேட்டார்கள். காரணம் எழுதும் இடத்தில் என் பெயரை எழுதப் பேனை ஓடவில்லை. ‘கமக்காரர் உரிய நேரத்தில் நீர் பாய்ச்சவில்லை’ என்று எழுதி, “சும்மா ஒரு கையெழுத்து, அக்கா” என்று நீட்டினேன். வைத்தார். கவனக்குறைவென்று நாற்றுப் பட்டியலிலிருந்து அவருடைய பெயரை வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகும் போகும்போதெல்லாம் தேத்தண்ணீர் தந்தார். நானும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

இப்போது அந்தக் கிணற்றில் முறையில்லை, ஆளுக்கொரு குழாய்க்கிணறு. அக்கா பிறகு மிளகாய் நடவேயில்லை, மரவள்ளிதான். இன்று சந்தையில் கிழங்குக் குவியலுக்குப் பின்னால் அவரே இருந்தார். குடையை மடக்கிக்கொண்டு குந்தினேன்.

“அக்கா, அண்டைக்கு அந்தக் கடதாசியிலை என்ரை பிழையை உங்கடை தலையிலை போட்டு எழுதினனான்.”

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வாசிச்சுப்போட்டுத்தான் கையெழுத்து வைச்சனான்.”