கடைசியாக எப்போது போட்டீர்கள்?

பட்டை அக்கா என்று கேட்டால்தான் அந்த ஆஸ்பத்திரியில் வழி காட்டுவார்கள். பெற்றவர் வைத்த பெயர் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்ததோடு சரி, அதைப் படித்தவர் யாருமில்லை. வருகிறவர்களின் கையில் பட்டையைச் சுற்றி, காற்றேற்றி, ரத்த அழுத்தம் இவ்வளவு என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். பெருக்கவும் துடைக்கவும்தான் அங்கே சேர்ந்தாள். கை நிதானமாக இருக்கிறதே என்று கண்டு, ஒரு பழைய நர்ஸ் பட்டையைக் கையில் கொடுத்தாள். அது ஆகிவிட்டது பத்தொன்பது வருஷம்.

இரண்டாம் மாடிக் கோடியில் ஒடுக்கமான அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கால் ஆடாமல் இருக்க ஒரு ரப்பர் விரிப்பு. ஜன்னலைத் திறந்தால் கீழே துணி அவிக்கிற இடத்து ஆவி வரும், மூடினால் மருந்து வாடை. வந்தவரை உட்காரவைத்து, "அஞ்சு நிமிஷம் பேசக்கூடாது. காலைத் தரையில வைங்க. வீட்டுக்காரம்மாவை நெனைக்காதீங்க" என்பாள். சிரிப்பவர்களுக்காக இன்னும் ஒரு நிமிஷம் கூடுதலாகக் காத்திருப்பாள். சிரிப்பும் அழுத்தத்தை ஏற்றும்.

அவளுக்கு ஒரே அண்ணன். ஒன்பது வயது மூத்தவர். இவள் பிறந்த பதினோராம் நாள் தாய் போய்விட்டாள். அப்பா ரயில் பாதை வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அண்ணன்தான் தூக்கினார், குளிப்பாட்டினார், பள்ளிக்கூடம் போகுமுன் தலைவாரிப் பின்னிவிட்டார். பிறகு அவர் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, ஜன்னலுக்கும் கதவுக்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்தும் ஆளானார். விரலெல்லாம் கீறல். அந்தக் கீறல் விரலில் முடி சிக்கி இழுத்தால், "உனக்குத்தான் வலிக்குதா, எனக்கும்தான்" என்பார். அண்ணி வந்த பிறகும் தங்கைக்குச் சடை போடும் உரிமையை அவர் விடவில்லை. அண்ணியின் அப்பாவும் இவளுடைய மாமனாரும் கூடப்பிறந்தவர்கள். ஆகவே அண்ணி இவளுக்கு ஒரு வழியில் அண்ணி, இன்னொரு வழியில் நாத்தனார். திட்டுவதென்றால் இரண்டு வழியிலும் திட்டுவாள்.

அந்த அண்ணனுக்குத்தான் ஒரு நாள் காலை, சவரம் செய்துகொண்டிருந்தபோது, வலது கை சொன்னபடி கேட்காமல் போயிற்று. ரேசர் கீழே விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. பத்து நிமிஷத்தில் எல்லாம் திரும்பிவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அண்ணி பெருமூச்சு விட்டாள். ஆஸ்பத்திரியில் நரம்புப் பிரிவின் பெரிய டாக்டரம்மா மட்டும் அப்படி நினைக்கவில்லை. "இது மின்னல். இடி பின்னால வரும். வராமப் பார்த்துக்கறதுதான் இப்ப வேலை" என்றாள்.

அந்த டாக்டரம்மா மூன்று வருஷமாக ஓர் ஆராய்ச்சி நடத்திவந்தாள். இப்படிச் சின்னதாக ஒரு பக்கவாதம் தொட்டுவிட்டுப் போனவர்களுக்கு, பெரியது வராமல் காக்க எது மேல் என்பது அவள் கேள்வி. ஒரே மாத்திரையைக் கூடுதல் அளவில் கொடுப்பதா, இரண்டு மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுப்பதா? இருநூறுக்கு மேல் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். ஆளுக்கு மாதம் ஒரு முறை, செவ்வாயோ வெள்ளியோ வருவார்கள். ரத்தம் எடுப்பார்கள், பட்டை அக்கா அழுத்தம் பார்ப்பாள், ஒரு தாளில் ஆறு கேள்வி கேட்டு நிரப்புவாள். நான்காவது கேள்வி: 'மருந்துகளை ஒழுங்காக உட்கொள்கிறாரா? ஆம் / இல்லை.' ஆம் என்பதைச் சுழித்துச் சுழித்து அவள் பேனாவே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

அண்ணனும் அதில் சேர்ந்தார். முதல் தடவை நூற்று அறுபத்திரண்டு. மாத்திரையைக் கூட்டினார்கள். அடுத்த தடவை நூற்று எழுபது. இன்னும் கூட்டினார்கள். மூன்றாம் தடவை நூற்று எழுபத்தெட்டு. தங்கை இன்னொரு கையிலும் பார்த்தாள், அதே கதைதான். மூன்றாவதாக ஒரு மாத்திரையும் சேர்ந்தது.

ஒன்பது நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை, ஒரு வீட்டுக் குளியலறை ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்த முக்காலியில் ஏறி நின்றவர், தலை சுற்றி அப்படியே சரிந்தார். கண்ணாடி சுவர்ப் பக்கம் விழுந்ததால் பிழைத்தார். முழங்கையில் நான்கு தையலோடு போயிற்று.

அவருடைய அடுத்த முறைக்கு முந்தின திங்கட்கிழமை நாலு மணிக்கு, மறுநாள் வரவேண்டியவர்களுக்கெல்லாம் வழக்கம்போல் போன் செய்தாள். பட்டியலில் பன்னிரண்டாவது அண்ணன்.

"நான் வரலை," என்றார்.

"வரலைன்னா எப்படிண்ணா?"

"வரலைன்னா வரலை. மாத்திரையையும் நிறுத்தப் போறேன். உங்ககிட்ட வந்தா ஏறுது, வீட்டுல இருந்தா இறங்குது. எனக்கு வியாதி உங்க ஆஸ்பத்திரிதான்."

மாத்திரையை நிறுத்தியவர்கள் எப்படி வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சக்கர நாற்காலியில், வாயோரம் துண்டு வைத்துத் துடைக்க ஒரு ஆளோடு வருவார்கள். பட்டையைச் சுற்றினால் அந்தக் கை யாருடையதோ போலக் கனக்கும். வேலை முடிந்ததும் டாக்டரம்மாவிடம் கேட்டு ஒரு பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

உட்காரவைத்துப் பார்த்தாள். நூற்றுநாலு. நிற்கவைத்துப் பார்த்தாள். தொண்ணூறு கூட இல்லை. கிணற்றடிக்கும் மாடிக்குமாக இப்படி ஏறி இறங்கும் அழுத்தத்தை அவள் கண்டதில்லை.

"அண்ணா, உண்மையைச் சொல்லு. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியா?"

அவருக்குச் சுருக்கென்றது. "தூக்கி வளர்த்தவன்கிட்ட போலீஸ்காரி மாதிரி கேக்கறா பாரு," என்று மனைவியிடம் சொன்னார். சமையலறைச் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டுவந்து மடியில் போட்டார். கண்ணாடியில் கோடு போடுகிற சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு நாள் கட்டத்திலும் இரண்டு கோடு. காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. அளவெடுத்தது போன்ற கோடுகள். அவள் வெட்கப்பட்டுத் தாளைப் புரட்டினாள். போன மாதம், அதற்கு முந்தின மாதம்.

ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதற்கு முந்தின கட்டத்தில் ஒரே கோடு. முன்னும் பின்னும் புரட்டினாள். மாதத்துக்கு ஒன்றாக மூன்று காலிக் கட்டம், மூன்றும் செவ்வாய்.

"இது என்ன காலியா இருக்கு?"

"அது உங்க ஆஸ்பத்திரி நாளு."

"ஆஸ்பத்திரி நாளுன்னா?"

அண்ணி குறுக்கிட்டாள். "நல்லா இருக்கே கேக்கறது. நீதானே போன்ல சொல்றே. ராத்திரி எட்டு மணிக்கு மேல தண்ணியைத் தவிர எதுவும் வாயில வைக்கக்கூடாது, ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்தோட வாங்கன்னு. இவர் ராத்திரி மாத்திரை போடறது ஒன்பது மணிக்கு. அது போச்சா. காலையில வெறும் வயித்துல எந்தப் புத்தியுள்ளவன் மாத்திரை முழுங்குவான்? ரத்தம் எடுத்து, உன்கிட்ட கையை நீட்டி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துடுவாரு. ஆஸ்பத்திரி நாளுன்னு அன்னிக்கு ராத்திரியும் போடமாட்டாரு."

"அப்ப நான் ஒழுங்கா சாப்பிடறியான்னு கேட்டா ஆமாங்கறே?"

"ஒழுங்காத்தானேடி சாப்பிடறேன்," என்றார் அண்ணன். "நீ சொன்ன நாளு நிறுத்தறேன், சொல்லாத நாளு போடறேன். இதைவிட ஒழுங்கு என்ன வேணும்?"

பையிலிருந்து எடுத்த பட்டை அவள் மடியில் கிடந்தது. மாத்திரை இறங்கிய உடம்பைத் தான் ஒரு நாளும் அளக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. மாத்திரை இல்லாத நாளில் அளந்து, இருக்கிற நாளுக்குக் கூட்டியிருக்கிறார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை. அண்ணன் முக்காலியிலிருந்து விழுந்தாரே, தள்ளிவிட்டது அவள் நாலு மணிப் போன்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நிறுத்தாதே. டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு வர்றேன். முக்காலி பக்கம் மட்டும் போகாதே."

"சாயங்காலம் வரைக்கும்தான்," என்றார் அவர். "அதுக்கு மேல என் உடம்பு, என் இஷ்டம்."

மறுநாள் பதினான்கு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் முந்தின நாளே பழைய சொல்லைச் சொல்லியாகிவிட்டது. அவள் தாளில் இருந்தபடி ஆறு கேள்வியையும் கேட்டாள். நான்காவதற்குப் பதினான்கு பேரும் ஆம். பிறகு தாளில் இல்லாத ஒன்றைச் சும்மா பேச்சுக்குப் போலக் கேட்டாள்: "கடைசியா மாத்திரை எப்போ போட்டீங்க?"

"நேத்து காலையிலம்மா" என்றார் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர், சந்தேகமே இல்லாமல். "நேத்து காலையில." "நேத்து." பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர், "நேத்தும் இல்லை. அதுல ஒரு மாத்திரை அடிக்கடி ஒண்ணுக்குப் போக வைக்குது. பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிறுத்த முடியுமா? லீவு நாள்ல போட்டுக்குவேன்" என்றார். ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்றதற்கு ஆம் என்றவர்தான் அவரும். கடைசியில் எண்ணிப் பார்த்தாள். பதினான்கில் பதினோரு பேர் உடம்பில் மாத்திரை இல்லாமல் கையை நீட்டியிருந்தார்கள்.

அந்தக் கணக்கை ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனாள். பத்தொன்பது வருஷத்து வேலை, ஒரே வாக்கியத்தில் போய்விடலாம். ஆனால் சாயங்காலத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம்தான் இருந்தது.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தாள். "இதைக் கேக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலைம்மா."

"தாள்ல ஆம்னு இருக்கே."

"அந்தக் கேள்விக்கு ஆம்தாம்மா பதில். பொய் சொல்றவங்க இல்லை. நம்ம சொல்லி நிறுத்தினதை அவங்க நிறுத்தினதா நெனைக்கலை."

"நம்ம சொல்லியா? போன் பண்றது யாரு?"

"நான்தாம்மா."

"என்ன சொல்லுவீங்க? அப்படியே சொல்லுங்க."

அவள் சொன்னாள். மூன்று வருஷம் சொன்ன வாக்கியம், ஒரு எழுத்துப் பிசகவில்லை. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "அதை எழுதிக் கொடுத்தது நான்," என்றாள்.

சீட்டை மறுபடி தன் பக்கம் இழுத்து வரிவரியாகப் பார்த்தாள்.

"எந்த மாத்திரை நல்லது, எந்த மாத்திரை நல்லதுன்னு மூணு வருஷமாக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்," என்றாள் டாக்டரம்மா. "மாத்திரையே இல்லாத உடம்பைப் பார்த்து." பிறகு, "உங்க அண்ணனுக்கு எவ்வளவு இருந்தது, நிக்கும்போது?" என்று கேட்டாள். கேட்டதும் உடனே எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது மாத்திரை வேண்டாம், மற்றவை முதலில் கொடுத்த அளவு, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாத்திரை போட்டுவிட்டு வரவேண்டும்.

ஆராய்ச்சியைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். எழுதியது எவ்வளவு தேறும், எவ்வளவு தேறாது என்று மேலே உட்கார்ந்திருந்தவர்கள் கூடிப் பேசினார்கள். டாக்டரம்மா கூட்டத்துக்குப் போய்த் தன் தவறு என்றே சொன்னாளாம். புதுத் தாள் எழுதும்போது பட்டை அக்காவைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள். 'கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தில்' என்று டாக்டரம்மா தொடங்க, இவள் தலையை ஆட்டினாள்.

"இருபத்து நாலு மணி நேரம்னு யாரும்மா வாழறாங்க? கடைசியா எப்போ போட்டீங்கன்னு கேளுங்க. அப்புறம் என்ன சாப்பிட்டீங்கன்னு கேளுங்க. சாப்பாட்டோட சேர்த்து ஞாபகம் வந்துரும். இன்னொண்ணு. விட்டுப்போகுமான்னு கேட்டா ரோஷம் வரும். எந்தெந்த நாள் போட மாட்டீங்கன்னு கேளுங்க. பஸ்காரர் மாதிரி அவங்களே சொல்லுவாங்க."

அப்படியே எழுதினார்கள். போன் வாக்கியமும் மாறிற்று: வெறும் வயிறு, ஆனால் அழுத்த மாத்திரையைத் தண்ணீரில் வழக்கம்போல் போட்டுக்கொள்ளுங்கள், சர்க்கரை மாத்திரை இருந்தால் அதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தார், அண்ணி பின்னால் காவல். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தரையில் பதித்தார். அவள் புதுத் தாளை எடுத்தாள்.

"கடைசியா எப்போ போட்டீங்க?"

"கூடப்பிறந்தவனுக்கு என்ன 'ங்க'?"

"தாள்ல அப்படித்தான் இருக்கு. சொல்லுங்க."

"காலையில ஆறே முக்காலுக்கு. தண்ணியில. உங்க அண்ணி வாயைத் திறந்து காட்டச் சொல்லி நாக்குக்கு அடியில எல்லாம் பார்த்தா."

"பார்க்காம? கண்ணாடி வேலைக்காரர் நாக்கு, ஒளிச்சு வச்சாலும் வச்சிருக்கும்," என்றாள் அண்ணி.

"அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் பேசக்கூடாது," என்றாள் தங்கை.

பட்டையைச் சுற்றினாள். முழங்கைத் தையல் ஆறி ஒரு வெள்ளைக் கோடாகியிருந்தது. காற்று மெல்ல இறங்கிற்று. நூற்று முப்பத்து நாலு. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். நூற்று முப்பத்திரண்டு. நிற்கவைத்தாள். நூற்று இருபத்தெட்டு.

"என்னடி, எவ்வளவு? பட்டை கிழிஞ்சுபோச்சா?"

அவள் தாளில் எழுதப் போனவள், கண் கலங்கி எழுத்துத் தெரியாமல் கொஞ்சம் நிறுத்தினாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காலண்டர்த் தாளை எடுத்து மேசையில் விரித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து, அன்றைய வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் காலைக் கோட்டை இழுத்தார். கை ஆடவில்லை. கண்ணாடியில் இழுப்பது போல நேராக இழுத்தார்.