கிளிக்குப் பிறகு பூனை

மத்தியானம் மூன்று மணிக்குப் போன் வந்தபோது, தையல்காரி தன் தங்கையின் சட்டைக்கு வலது கையைத் தைத்து முடித்திருந்தாள்.

"அக்கா, மாமியார் செத்துப்போச்சு" என்றாள் தங்கை. தங்கையின் பூனை எல்லாரையும் முறைக்கும்; அதற்கு மாமியார் என்று பெயர் வைத்ததே தையல்காரிதான். "மாடியிலேர்ந்து விழுந்துடுச்சுன்னு அவர் சொல்றார்."

தையல்காரி சட்டையைக் கீழே வைத்தாள். போன வருடம் தங்கையின் கணவன் கூண்டுக் கிளியின் கழுத்தைத் திருகினான். அதே வாரம் தங்கையின் கை ஒடிந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டது என்று அவன்தான் எல்லாரிடமும் சொன்னான்.

"நீ எதுவும் பேசாதே. இதோ வந்துட்டேன்."

கதவைத் திறந்தவன் அவன்தான். முழங்கை வரை நகக் கீறல்.

"வாங்கக்கா. பூனைக்குத் துக்கம் விசாரிக்கவா?"

"வேலை தலைக்கு மேல கிடக்கு மாப்பிள்ளை, துக்கத்துக்கு எங்கே நேரம்? இவ சட்டையைப் போட்டுப் பாக்கணும். கூட்டிட்டுப் போறேன்." வலிந்து சிரித்தாள்.

அவன் தங்கையை ஏற இறங்கப் பார்த்தான். "இருட்டறதுக்குள்ள வந்துடணும்" என்றான்.

தெருமுனை வரை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே வந்த பிறகுதான், தங்கை வெறுங்காலோடு வந்திருப்பது தெரிந்தது.

"திரும்பிப் போக மாட்டேன்க்கா" என்றாள் அவள்.

இருட்டியதும் தையல்காரியின் வீட்டு வாசலில் பைக் வந்து நின்றது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போலீசைக் கூப்பிட்டாள். கதவு இடிபடும் சத்தத்தில் தன் குரலே அவளுக்குக் கேட்கவில்லை. போலீஸ் வரும்வரை தங்கை அவள் கையை விடவில்லை.

அந்தச் சட்டைக்கு இடது கை இன்னும் தைக்கவில்லை.