வாளி மணலில் ஊன்றிய தண்டு

விருதுநகர் அத்தை வீட்டில் கண்ணாடிப் பாட்டிலுக்குள் ஒரு மணி பிளான்ட் இருந்தது. ஜன்னல் கம்பியைப் பற்றி ஏறி, மாமாவின் மிளகாய் மண்டிக் காலண்டருக்கு மாலை போட்டதுபோலப் படர்ந்திருக்கும். அம்மா ஒரு துண்டு கேட்டாள். அத்தை கணு பார்த்து மூன்றாகவே வெட்டிக் கொடுத்துவிட்டு, "உங்க ஊருத் தண்ணிக்கு இது வராது. வச்சுத்தான் பாரேன்" என்றாள். பஸ் சிவகாசி வந்து சேரும்வரை அம்மா அதை மடியிலிருந்து இறக்கவில்லை. அதை வேர்பிடிக்க வைக்காமல் அவள் ஓயமாட்டாள் என்பது ஒன்றாம் வகுப்பு படித்த எனக்கே தெரிந்தது.

முதல் துண்டைத் தண்ணீரில் போட்டோம். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. பாட்டிலில் வெள்ளை படிந்தது, தண்டு அழுகியது. இரண்டாவதை அப்பா வாங்கிக்கொண்டார். "கரிசல்ல வராதது வேற எதுல வந்துரப் போகுது?" என்று ஒரு டப்பா நிறைய மண் அள்ளிவந்து நட்டார். விட்ட தண்ணீர் இறங்காமல் சேறாக நின்றது. காய்ந்தபின் மண் இறுகித் தண்டின் கழுத்தைப் பிடித்தது. அதுவும் போனது. அப்பா குறை சொன்னது என்னவோ தண்டைத்தான்.

மிச்சம் ஒன்று. அம்மா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தாள். அங்கே ஒவ்வொரு அறை வாசலிலும், தீப்பிடித்தால் அள்ளிக் கொட்டுவதற்குச் சிவப்பு வாளியில் மணல் வைத்திருப்பார்கள். சலித்த ஆற்றுமணல். தண்ணீர் தேங்காது, கட்டிப்படாது, பக்கத்திலேயே கூரை நிழலும் உண்டு. மணலை வீட்டுக்குக் கொண்டுவந்தால் போர்மேன் சும்மா விடமாட்டார். அதனால் அம்மா தண்டைச் சோற்றுவாளிக்குள் ஒளித்துக் கொண்டுபோய், அவள் அறை வாசலில் இருந்த வாளியிலேயே ஊன்றிவிட்டாள். குடித்து மிஞ்சிய தண்ணீரை அதற்கு விடுவாளாம்.

தினமும் சாயங்காலம் ஆலை வேன் வந்து நின்றதும் ஓடிப்போய்க் கேட்பேன்.

"வேரு விட்டுருச்சாம்மா?"

"பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தா எங்கிட்டு விடும்? அந்த மண்ண யாரும் தொடாம இருந்தாப் போதும்."

தெருமுனை மாரியம்மனிடம் நானும் அதையே வேண்டிக்கொண்டேன். முகம் பார்த்திராத போர்மேன்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

சீசன் நேரத்தில் ஒரு மத்தியானம் விஸ்வநத்தம் பக்கமிருந்து பெரிய சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் சத்தம் கேட்பது புதிதில்லை என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தெருவோ மொத்தமாக வாசலுக்கு வந்துவிட்டது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். செல்போன் வைத்திருந்த ஒரே ஆளான பக்கத்து வீட்டுக்காரர் ஆலைக்கு அடித்துக்கொண்டே இருந்தார், யாரும் எடுக்கவில்லை. எங்களோடு இருந்த சித்தி என் கையை விடவேயில்லை. அவள் பிடித்த இடம் சிவந்துபோனது.

வேன் இருட்டும்போதுதான் வந்தது. அம்மா இறங்கினாள். நான் கையை உதறிக்கொண்டு ஓடினேன்.

"வாளி மண்ண யாரும் தொட்டாகளாம்மா?"

அம்மா என் தலையில் கை வைத்தாள். "பக்கத்துக் கம்பெனிதான். அங்கன அம்புட்டு வாளியும் காலி. நம்ம வாளிய யாரும் தொடல."

சித்தி அப்படியே தெருவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவளுக்கும் செடிமேல் இத்தனை ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனைக்கும் ஒருநாள்கூட அதைப் பற்றி அவள் விசாரித்ததில்லை.

தீபாவளி லோடெல்லாம் போனபின் அம்மா தண்டைச் சோற்றுவாளியில் திரும்பக் கொண்டுவந்தாள். மணல் ஒட்டிய வெள்ளை வேர்கள், சுருண்டு ஒரு பிடி இருந்தன. அடுத்தமுறை வந்த அத்தை இலையைத் தடவிப் பார்த்து, "எதுல வச்ச?" என்று கேட்டாள்.

"மணல்லதான் மதினி" என்றாள் அம்மா.

அந்த சீசன் முழுக்க மாரியம்மனிடம் நான் வேண்டியதெல்லாம் ஒரு செடிக்காக என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.