மிச்சம் பிடித்த குளிசைகள்

கொழும்பில் மருந்தாளருக்குப் படித்தபோது அளவு, நிறை, கலவை எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தேன். மருந்து கொடுக்கும் யன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களோடு எப்படிக் கதைப்பதென்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சிப் பக்கத்துச் சின்ன ஆசுபத்திரி ஒன்றுக்கு வேலைக்கு வந்தேன். ஒரே புத்திமதியைத் திருப்பித் திருப்பிச் சொல்லித் தொண்டை வறண்டுவிடும். கோபமும் வரும்.

மாதாமாதம் ஒரு பெண் வருவாள். கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு உடுத்த துணியோடு ஓடிவந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். கணவனுக்கு வலிப்பு. எங்கே விழுவானோ என்று பயந்து ஒருவரும் அவனை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. தினமும் விழுங்கும் குளிசை தொடங்கியபின் வலிப்பு நின்றது, வயலில் கூலிவேலையும் கிடைத்தது. அதைச் சொல்லி அவள் சிரித்தபோது, எனக்குச் சம்பளம் கூடியது போல இருந்தது.

"ஒரு நாளும் விடாமல் குடுங்கோ தங்கச்சி," என்று சொல்லித்தான் குளிசை மடித்த காகிதச் சரையை நீட்டுவேன்.

"சரிங்க ஐயா."

பிறகு பாதைகள் அடிக்கடி மூடப்பட்டன. மருந்து லொறி வராத மாதங்களும் இருந்தன. ஆனால் வலிப்புக் குளிசைக்கு மட்டும் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரு மாதம் அவள் வரவில்லை. அடுத்த மாதம் பொட்டில்லாமல் வந்தாள். தண்ணீர் கட்டப் போன இடத்தில் வலிப்பு வந்து, வாய்க்காலில் குப்புற விழுந்துவிட்டானாம். முழங்காலளவுத் தண்ணீர்.

"குளிசை குடுத்தனீங்கள்தானே?" என்று கேட்டேன்.

பால்மா ரின் ஒன்றை யன்னலில் வைத்தாள். அரைவாசிக்கு மேல் குளிசைகள்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுத்தேங்க. நல்லாத்தானே இருந்தாரு. மருந்து வராத காலத்துக்கு ஆகட்டும்னு மிச்சம் புடிச்சேன். தோட்டத்துல இருந்து ஓடியாறப்ப கையில ஒண்ணுமே இல்லீங்களே. வேற யாருக்காச்சும் குடுங்க ஐயா. நான் செஞ்சது சரிதானுங்களே?"

ரின்னை எடுத்து உள்ளே வைத்தேன்.

"ஓம் தங்கச்சி. சரிதான்."

அவள் போய், பஸ் வரும்வரை விறாந்தை வாங்கிலில் உட்கார்ந்தாள். வரிசையில் அடுத்து நின்றவள் வலிப்புக்கார மகனுக்கு மருந்து எடுக்க வந்த தாய். நான் யன்னலுக்குள் குனிந்து, வாங்கிலுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னேன்.

"ஒரு நாளும் விடாதேங்கோ. மிச்சம் பிடிக்காதேங்கோ."

"கேக்கேல்லை ஐயா," என்றாள் அந்தத் தாய். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ."