சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடிய மகள்

போன வருஷம் பொங்கலுக்கு என் மகள் நெய்வேலிக்கு வந்திருந்தபோது நடந்தது இது. அப்போது எனக்குச் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை, கம்பெனி குவார்ட்டர்ஸில் வீடு. சென்னையில் எம்.ஏ. முடித்த அவளுக்கு, வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்திருந்தது. எதைப் பற்றி? வீடியோ கேம்! எனக்கு வந்ததே கோபம். வேலை மெனக்கெட்டு இதற்கு ஒரு டாக்டர் பட்டமா? ஒழுங்காக பி.எட். சேரச் சொன்னேன்.

"நீங்க சரின்னு சொன்னாத்தான்பா சேருவேன்" என்றாள். பதில் அனுப்ப இரண்டே நாள்தான் இருந்தது.

மறுநாள் காலையில் தான் எழுதிய கட்டுரையோடு வந்து நின்றாள். "இதைக் கேட்டுட்டு அப்புறமா வேணாம்னு சொல்லுங்க." படி என்று சொல்லிவிட்டு நான் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

கேமை ஆராய்கிறவர்கள் திரையை மட்டும்தான் பார்க்கிறார்கள், அது எந்த மாதிரி வீட்டில் விளையாடப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை. இதுதான் அவள் வாதம். உதாரணத்துக்கு ஒரு குவார்ட்டர்ஸைச் சொல்லியிருந்தாள். நைட் ஷிஃப்ட் முடிந்த அப்பா பகலெல்லாம் தூங்குவார். அம்மா காலிங் பெல் வயரைக் கழற்றிவிடுவாள், அவர் எழுந்திருக்கும் வரை குக்கர்கூட வைக்க மாட்டாள். பிள்ளை சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் கேம் ஆடும். ஜெயித்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கும்.

நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏம்மா, இதெல்லாம் எங்கிட்ட சொல்லவேயில்லையே?"

"என்னத்தப்பா சொல்றது? அந்த கேம்ல பாட்டு இருக்குன்றதே ஹாஸ்டல் போனப்புறம்தான் எனக்குத் தெரியும்" என்று சிரித்தாள்.

சமையலறையிலிருந்து என் மனைவி, "இந்த பிளாக்குல எல்லார் வூட்லயும் அப்படித்தானங்க" என்றாள். என் பிள்ளை இருக்கிற இடமே தெரியாது, அவ்வளவு சமர்த்து என்று ஷிஃப்ட் பஸ்ஸில் வருஷக்கணக்காகப் பீற்றிக்கொண்டவன் நான்.

"போய்ச் சேரும்மா" என்றேன்.

இப்போது ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர் பக்கம் வந்துவிட்டோம். மகள் எங்கோ தூரத்தில் படிக்கிறாள். பகலில் எனக்குத் தூக்கமே வருவதில்லை. அவள் வாய்விட்டுக் கத்தி விளையாடியிருக்க வேண்டிய வருஷங்களையெல்லாம் நான் தூங்கியே கழித்துவிட்டேனே என்கிற ஆதங்கம் மட்டும் போக மாட்டேன் என்கிறது.