எண்ணற்றவை அல்ல, மூன்று

இதில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குத் தெரியாததை எழுத மாட்டேன். மூன்று என்றால் மூன்று என்றே எழுதுவேன். நம் படிப்பகத்தின் கையெழுத்து இதழில் இதைப் படிக்கப் போகிறவர்களில் பலர் ஜமீலா பாயம்மாவின் கடையில் சாமான் வாங்கியவர்கள். கூட்டி எழுதினாலும் குறைத்து எழுதினாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பள்ளிக்கூடம் போவதற்காகப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். மரம் அறுக்கும் ஞானப்பிரகாசம் அண்ணன் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை எங்கள் வாசற்படியில் ஊன்றிக்கொண்டு, "பாப்பா, இன்னிக்குக் கட தொறக்க மாட்டாங்க" என்றார். எந்தக் கடை என்று அவர் சொல்லவில்லை. அம்மாதான் உள்ளேயிருந்து, "இன்னா ஆச்சு?" என்றாள்.

"விடிகாலைல மார்வலின்னாங்களாம். வண்டி வர்றதுக்குள்ள..." என்றவர், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அன்று பிற்பகல் தொழுகைக்குப் பின் பாயம்மாவை அடக்கம் செய்தார்கள்.

கடையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாகூர் கடைத்தெருவில், தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கும் மரம் அறுக்கும் பெட்ரோல் ரம்பத்துக்கும் பாகங்கள் விற்கும் கடை அது. சரக்கு எடுக்க பாயம்மாவின் கணவர் பாய் வாரத்தில் பாதி நாள் மெட்ராசுக்குப் போய்விடுவார். கடையில் இருப்பது பாயம்மா. புதிதாக வருகிறவர்கள், "பாய் இல்லையா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். "பாயைப் பாக்கணும்னா நாளைக்கு வா. ரிங்கு வேணும்னா இப்பவே என்னைக் கேளு" என்பார். பிஸ்டனைச் சுற்றிப் போடும் இரும்பு வளையத்தைத்தான் எல்லோரும் ரிங்கு என்கிறார்கள். அவர் ஒவ்வொரு ரிங்கையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் கொடுப்பார். "இன்னா பாயம்மா, வெங்காயம் பொறுக்கற மாதிரி பொறுக்கறீங்க?" என்று ஒருவர் கேலி செய்தார். "வெங்காயம் சொத்தையா இருந்தா கொழம்புதான் கெடும். இது சொத்தையா இருந்தா எஞ்சினே போவும்பா."

அவர் குர்ஆன் ஓதுவார். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கம்பெனிக்குக் கடிதம் எழுத நான். "வாடி பொஸ்தகம்" என்றுதான் கூப்பிடுவார். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்றுகூடச் சில நாள் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ரிங்கைச் சோதிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ரம்ப எஞ்சினின் பழைய சிலிண்டர் ஒன்றை இரண்டு மரக்கட்டைகள் மேல் கவிழ்த்து வைத்து, பிளக் மாட்டும் துளைக்குக் கீழே டார்ச்சை நிறுத்துவார். ரிங்கைச் சிலிண்டருக்குள் தள்ளி, அதன்மேல் வட்டமாக வெட்டிய கறுப்பு அட்டையை வைப்பார். பிறகு கடை விளக்கை அணைப்பார். ரிங்கு நல்லதானால் மேலிருந்து பார்க்கும்போது ஒரே இருட்டாக இருக்கும். வட்டம் சரியில்லாத ரிங்கானால் விளிம்பில் நகக்கீற்றுப் போல வெளிச்சம் தெரியும். அந்தக் கறுப்பு அட்டை என் வரலாற்று நோட்டின் பின்னட்டை. கேட்காமலேயே வெட்டிவிட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, "வரலாறு முன்னாடிதான கீது, பின்னாடி இன்னா கீது?" என்றார்.

முன்பெல்லாம் ரிங்குகள் எண்ணெய்க் காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி வந்தன. அதே கம்பெனி, அதே பெட்டி. ஆனால் சென்ற வருடம் முதல் பத்துப் பத்தாக பிளாஸ்டிக் பையில் வந்தன. ஓரத்தில் பிசிறு இருந்தது. பாயம்மா விரலைப் பார்த்துக்கொண்டு, "கீறுதுடி. முன்ன இது மோதிரம் மாதிரி இருக்கும்" என்றார்.

குருவிநத்தத்தில் ஒரு சவுக்குத் தோப்பை அறுக்கும் வேலையை ஞானப்பிரகாசம் அண்ணன் பிடித்திருந்தார். அவர் வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒரு ரம்பத்தால்தான். புது ரிங்கு போட்ட மூன்றாம் நாள், பாதி மரத்தில் ரம்பம் நின்றுவிட்டது. உடைந்த ரிங்கைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தார். பாயம்மா வேறொன்று கொடுத்தார். அது நான்கு நாள்தான் ஓடியது. அதே வாரம் நெட்டப்பாக்கத்துக்காரர் ஒருவரும் ஒன்று உடைந்துவிட்டதென்று கொண்டுவந்தார்.

"ஒரிஜினல்னு சொன்னீங்களே" என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை.

அன்று விளக்கை அணைத்து, பெட்டியில் மீதியிருந்த பதினான்கையும் பார்த்தோம். ஐந்தில் வெளிச்சம் கசிந்தது. "மிச்சம் ஒம்போது ஒடையாதுன்னு என்னால சொல்ல முடியாது" என்று பெட்டியை மேல் தட்டில் ஏற்றிவிட்டார். அதன்பிறகு யாராவது, "ஒரிஜினலா?" என்று கேட்டால், "பொட்டி ஒரிஜினல்" என்று மட்டும் சொல்வார்.

கம்பெனிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். நான் என் முழுத் திறமையையும் காட்டினேன். 'தங்களது எண்ணற்ற வளையங்கள் உடைந்து உழவர் பெருமக்கள் ஆறாத் துயரில் ஆழ்ந்துள்ளனர்' என்று எழுதினேன். படித்துக் காட்டியபோது பாயம்மா, "நல்லா கீதுடி, கேக்கவே அழுவாச்சியா வருது" என்றார். அனுப்பினோம்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டே வரி. உடைந்ததாகத் தாங்கள் குறிப்பிடும் எண்ணற்ற வளையங்கள் அனைத்தையும் அனுப்பிவைத்தால் பரிசீலிப்போம் என்று இருந்தது. அதற்குள் தோப்புக்காரர் பொறுமை இழந்து, பாதித் தோப்பை மதகடிப்பட்டு ஆட்களிடம் கொடுத்துவிட்டார். அண்ணன் இழந்த பாதித் தோப்பு என் ஒரு சொல்லால் போனது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் அழுதேன். பாயம்மா சிரித்தார். "எண்ணற்றன்னா எண்ண முடியாததா? மூணுதானடி ஒடஞ்சுது! ஒனக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா?" பிறகு என் தலையில் கை வைத்து, "எனக்கும் புத்தியில்ல. அழகா இருக்குதேன்னு உட்டுட்டேன்" என்றார்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு குருவிநத்தத்துக்கு பஸ் ஏறினார். தோப்புக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, தப்பு ஞானப்பிரகாசம் மேல இல்ல. நான் வித்த ரிங்கு மேல. மீதித் தோப்ப அவனுக்கே உடுங்க."

"எத்தினி நாளு பாயம்மா காத்துக்கினு இருக்கறது?"

"பதினஞ்சு நாளு. சவுக்கு எங்க ஓடிப் போவப் போவுது?"

அவர் சிரித்துவிட்டார். "பதினாறாம் நாளு வேற ஆளுதான்" என்று ஒப்புக்கொண்டார். தான் விற்ற பொருள் மோசம் என்று வாடிக்கையாளர் அல்லாத ஒருவரிடம் பஸ் ஏறிப் போய்ச் சொன்ன கடைக்காரரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார்.

இரண்டாம் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'மூன்று உடைந்தன. மூன்றையும் அனுப்பியிருக்கிறேன். உடையாத பதினான்கில் ஐந்தில் வெளிச்சம் கசிகிறது. அவற்றையும் அனுப்பியிருக்கிறேன். பதினைந்து நாளில் நல்லது வேண்டும்.' கீழே அவரே மெதுவாக ஜமீலா என்று கையெழுத்திட்டார். அது வெள்ளிக்கிழமை. அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணன் எங்கள் வாசலில் கால் ஊன்றி நின்றார்.

பதினோராம் நாள் பார்சல் வந்தது. ரிங்குகளை இப்போது வெளிப் பட்டறையில் செய்து வாங்குவதாகவும், அந்தச் சரக்கு சரியில்லை என்பதை ஒப்புக்கொள்வதாகவும், கணக்காக எழுதியதற்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். கடிதம் திருமதி ஜமீலா அவர்களுக்கு என்று தொடங்கியிருந்தது. பாய் அதை என்னிடம் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். உள்ளே பத்து ரிங்குகள், எண்ணெய்க் காகிதத்தில் தனித்தனியாக.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தில் ஒன்பது நல்லவை. ஒன்று கசிந்தது. அந்த ஒன்றுக்காக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் ஒன்று என்றுதான் இருக்கிறது. ஞானப்பிரகாசம் அண்ணன் மீதித் தோப்பை அறுத்துக்கொண்டிருக்கிறார். பாயம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான்: ஒரு சொல் அழகாக வந்து நின்றால், முதலில் எண்ணிப் பார்க்கிறேன்.

ஆனால் நான் எழுத நினைத்தது பார்சல் வந்த சாயங்காலத்தை. பாய் அதுவரை ஒருமுறைகூட அந்தச் சோதனையைச் செய்ததில்லை. "எப்படிம்மா செய்வா அவ?" என்று என்னைக் கேட்டார். சிலிண்டரை நான் கவிழ்த்தேன். அண்ணன் டார்ச்சை நிறுத்தினார். மேசை இழுப்பறையில் அந்தக் கறுப்பு அட்டை இருந்தது. அதன் உட்புறத்தில் என் பெயரின் பாதி எழுத்துகள் இருந்தன. முதல் ரிங்கைத் தள்ளி அட்டையை வைத்துவிட்டு, "இப்ப வெளக்கு, பாய்" என்றேன். அவர் சுவிட்சில் கை வைத்தார். பிறகு விளக்கை அணைத்தார்.